ஜாமீன் கையெழுத்திடாதவர்கள்

கடன் கேட்டு வங்கிக்கு வருபவர் பெரும்பாலும் தனியே வருவதில்லை. அண்டை வீட்டார் ஒருவரோ பழைய நண்பர் ஒருவரோ உடன் வந்து எங்கள் மேசைக்கு எதிரே அமர்வார். “இவரைப் போல் நாணயமானவரைக் காண முடியாது, கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம்” என்பார். நாங்களும் புன்னகையுடன் ஜாமீன் பத்திரத்தை அவர் பக்கம் நகர்த்துவோம். அப்போதுதான் அவருக்கு வேறோர் அவசர வேலை நினைவுக்கு வரும். சட்டைப்பையிலிருந்து பாதி எழுந்த பேனா மீண்டும் உள்ளே இறங்கிவிடும்.

அவரைக் குறை கூறுவதற்கில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவில் தெளிவாகவே கூறுகிறது: ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் குறிக்கப்படாவிட்டால், கடனாளியின் பொறுப்பு எவ்வளவோ ஜாமீன்தாரரின் பொறுப்பும் அவ்வளவே. கருத்துக்கும் கையெழுத்துக்கும் உள்ள தொலைவை வங்கி ஊழியர்கள் நாள்தோறும் காண்கிறோம். ஆயினும் உடல்நலம் என்னும் கணக்கில் அந்த வேறுபாட்டை நாங்களே மறந்துபோன ஒரு நிகழ்ச்சியை இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் கிளை பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு நடந்து செல்லும் தொலைவில் இருக்கிறது. காசாளர் ஒருவர், வயது 47. ஆண்டுப் பரிசோதனையில் அவருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. மாத்திரையோடு நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடக்க வேண்டும் என்றார் மருத்துவர். மறுவாரமே அவர் புடவைக்குக் கீழே கேன்வாஸ் காலணி அணிந்து, காலை ஐந்தே முக்காலுக்கு ஏரிக்கரையில் நடக்கத் தொடங்கினார்.

தெருவில் கோலமிட்டுக்கொண்டிருந்தவர்கள், “வீட்டில் வேலை எல்லாம் முடிந்துவிட்டதா?” என்று கேட்டார்கள். ஊரிலிருந்து வந்த நாத்தனார், “இந்த வயதில் இது எதற்கு? சமையலறையில் நடக்காத நடையா?” என்றார். முகம் வாடியிருக்கிறது, ஏதேனும் நோயா என்று திருமண வீடுகளில் விசாரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று அவர் சிரித்துக்கொண்டார்.

எங்கள் வாய்க்கும் மூடி இல்லை என்பதே இந்நிகழ்ச்சியில் வருந்தத்தக்கது. மதிய உணவு மேசையில் அவர் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம், “ஒலிம்பிக் எப்போது?” என்று கேட்டவர்கள் நாங்கள்தாம். ஒவ்வொரு மாதமும் யாருக்காவது பிறந்தநாள் வரும், கேக் வரும். அவர் வேண்டாமென்றால் விடமாட்டோம். “ஒரு துண்டு தின்றால் ஒன்றும் ஆகாது” என்போம். இந்த ‘ஒன்றும் ஆகாது’ என்னும் சொற்றொடரை எவ்வளவு எளிதாக வழங்கினோம் என்பதை இப்போது நினைக்கையில் வெட்கமாக இருக்கிறது. கடன் கோப்பில் எவரேனும் ஆதாரமின்றி அவ்வாறு எழுதியிருந்தால் தணிக்கையாளரிடம் அவர் விளக்கம் தர வேண்டியிருந்திருக்கும்.

நான்காம் மாதம் அவர் நடையை நிறுத்திவிட்டார். காரணம் கேட்கவில்லை; எங்களுள் ஒருவரும் அதைக் கவனிக்கக்கூட இல்லை. அடுத்த பரிசோதனையில் அவருடைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 7.4இலிருந்து 9.1க்கு ஏறியிருந்தது. அன்று மதியம் யாரோ பழக்கத்தில் இனிப்புப் பெட்டியை நீட்ட, அவர் கைகழுவிவிட்டு வந்து அமைதியாகக் கேட்டார்: “நாளை என் காலில் புண் வந்தால் கட்டுப் போட உங்களில் யார் வருவீர்கள், சொல்லுங்கள்?”

மேசையில் இருந்த எட்டுப் பேரும் பேசவில்லை. பேனாவை உள்ளே போட்டுக்கொண்ட அந்த நண்பரைப் போல நாங்களும் டப்பாக்களை எடுத்துக்கொண்டு எழுந்தோம்.

இது ஒரு கிளையின் கதை மட்டும் அன்று. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023இல் தெரிவித்தது. வளர்ந்தோருக்கு வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். நம் நாட்டில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதை எட்டுவதில்லை. ஆண்களைவிடப் பெண்களே இதில் பின்தங்கியிருக்கிறார்கள். பெண்களுக்கு நேரமில்லை என்பது உண்மை. அதோடு, அவர்கள் தெருவில் இறங்கியவுடன் எத்தனை கண்கள் அளவெடுக்கின்றன என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கருத்துக் கூறுபவர் அறியாதவர் என்றால் ஒதுக்கிவிடலாம். அறிந்தவரே கூறினால் என்ன செய்வது? இதற்கு நம் ஊருக்கு அருகிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. கோலார் மாவட்டத்துப் பெள்ளூரில் 1918 டிசம்பரில், விஷக்காய்ச்சல் உலகையே வாட்டிய காலத்தில், ஏழை ஐயங்கார் குடும்பம் ஒன்றில் ஒரு குழந்தை பிறந்தது. ஐந்து வயதில் குடும்பம் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தது. ஒன்பது வயதில் தந்தை மறைந்தார். மலேரியா, டைபாய்டு, காசநோய் என ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுவனைப் பிடித்தன. 1934இல், தமக்கையின் கணவரும் பெரும் யோக ஆசானுமாகிய கிருஷ்ணமாச்சாரியார் அவனை மைசூருக்கு அழைத்துக்கொண்டார். மெலிந்து விறைத்துப்போன அவ்வுடலைக் கண்ட ஆசானுக்கு இவன் யோகத்தில் தேறுவான் என்ற நம்பிக்கை தொடக்கத்தில் இல்லை. வீட்டு வேலைகளையே பெரிதும் கொடுத்தார். முதன்மை மாணவர் ஒருவர் திடீரென வெளியேறிய பின்னரே பயிற்சி முறையாகத் தொடங்கியது.

1937இல் 18 வயதில் அவ்விளைஞர் புனே நகருக்குக் கற்பிக்க அனுப்பப்பட்டார். மொழி தெரியாத ஊர். மாணவர்கள் பலர் ஆசிரியரைவிடத் திடகாத்திரமானவர்கள். அவர்களுக்கு அவர் சொல்லால் விடை கூறவில்லை. நாளின் பெரும்பகுதியைத் தம் சொந்தப் பயிற்சிக்கே செலவிட்டார். 1952இல் உலகப் புகழ் பெற்ற வயலின் கலைஞர் யெஹூதி மெனுஹின் அவரைச் சந்தித்து மாணவரானார். எண்பது வயதை எட்டியிருந்த பெல்ஜிய அரசமாதா எலிசபெத் அவரிடம் சிரசாசனம் கற்றார். 1966இல் ‘லைட் ஆன் யோகா’ நூல் வெளிவந்தது. பி.கே.எஸ். ஐயங்கார் 2014இல் பத்ம விபூஷண் விருது பெற்று, அதே ஆண்டு ஆகஸ்டில் 95ஆம் வயதில் மறைந்தார்.

இவ்வரலாற்றில் எங்களைக் கவர்வது வெற்றியன்று. கிருஷ்ணமாச்சாரியாரைவிட யோகம் அறிந்தவர் அக்காலத்தில் அரியர். அவருடைய மதிப்பீடே இந்த உடலைப் பொறுத்தவரை தவறிப்போயிற்று. பின்னர் அவரே அம்மாணவரை வெளியூருக்கு அனுப்பினார். அதாவது, மதிப்பீடு என்பது அன்றைய தேதிக்கு உரியது. வங்கியில்கூட ஒருவருடைய கடன் தகுதியை ஒருமுறை கணித்து அப்படியே வைத்துவிடுவதில்லை. காலந்தோறும் மறுமதிப்பீடு செய்கிறோம். உடலைப் பற்றி மட்டும் ‘இவருக்கு வராது’ என்று ஒரே தடவையில் எழுதி மூடிவிடுகிறோம்.

அவ்வாறு மூடப்பட்ட கோப்பு ஒன்று உலக அளவிலும் உண்டு. 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே உலக சாதனையுடன் வென்றார். இறுதிச் சுற்றில் ஓடிய ஒன்பது பெண்களும் எல்லைக்கோட்டைக் கடந்தார்கள். ஆனால் செய்தித்தாள்கள் பல, பெண்கள் வரிசையாக மயங்கி விழுந்ததாக எழுதின. பெண்ணுடல் இதைத் தாங்காது என்றன. ஓட்டம் முடிந்ததும் மூச்சிரைக்கப் படுப்பது ஆண்களுக்கும் உண்டு என்பது அப்போது எவருக்கும் தோன்றவில்லை போலும். ஒலிம்பிக்கில் பெண்கள் மீண்டும் 800 மீட்டர் ஓட 1960ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த 32 ஆண்டுகளில் ஓடியிருக்கக்கூடிய பெண்களுக்கு எழுதியவர்கள் எந்த இழப்பீடும் தரவில்லை. பிற்காலத்தில் நம் நாட்டின் மன் கௌர் அம்மையார் 93 வயதில் ஓடக் கற்று, 2017இல் ஆக்லாந்து நகரில் 101ஆம் வயதில் 100 மீட்டர் தங்கம் வென்றார். அவருடைய வயதுப் பிரிவில் ஓடியவர் அவர் ஒருவரே என்று சிலர் முணுமுணுத்தார்கள். மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று நாங்கள் கேட்டுக்கொண்டோம்.

இவ்வளவு கூறியபின், எவர் சொல்லையும் கேளாதிருப்பதே உறுதி என்று வாசகர்கள் கொண்டுவிடக் கூடாது. எங்கள் சக அதிகாரி ஒருவர் அப்படிக் கொண்டார். நாற்பதைத் தாண்டியவர், உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து மூன்றே மாதத்தில் பத்துக் கிலோ குறைப்பதென்று சபதம் பூண்டார். படியேறும்போது அவருக்கு மூச்சு வாங்குவதையும், மார்பைத் தடவிக்கொள்வதையும் கண்ட மனைவி, “ஒருமுறை மருத்துவரைப் பாருங்கள்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறர் பேச்சைப் பொருட்படுத்தாதவரே இலக்கை அடைவார் என்று கைப்பேசியில் படித்திருந்த நம் நண்பர் அதையும் பிறர் பேச்சென்றே தள்ளினார். ஒரு திங்கட்கிழமை அதிகாலையில் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். உயிர் பிழைத்தார்.

அன்று நாங்கள் போய்ப் பார்த்தபோது, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நாற்காலியில் மூன்று இரவுகளாக அமர்ந்திருந்தவர் அந்த மனைவி. சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தில் இருந்ததும் அவருடைய கையெழுத்தே. அவர் மருத்துவம் படித்தவரல்லர். ஆனால் கணவரின் உடலுக்கு நேர்வதில் சரிபாதியைத் தாங்கப்போகிறவர். அவர் கருத்து ஜாமீனுடன் வந்த கருத்து. நாத்தனாரின் பேச்சும் இந்த அம்மையாரின் பேச்சும் ஒரே தட்டில் வைக்கத் தக்கவை அல்ல.

இன்னொரு வகைக் கருத்தும் உண்டு. அது இனிக்கும், ஆகையால் எளிதில் ஏமாற்றும். “உங்களால் முடியும் சார், இன்றே மூன்று ஆண்டுச் சந்தா கட்டிவிடுங்கள், மாதத் தவணையும் உண்டு” என்பவரின் ஊக்கத்தில் அவருடைய விற்பனை இலக்கும் கலந்திருக்கிறது. புரதப் பொடி டப்பாவில் சிரிக்கும் தசைநார்களும் அத்தகையவையே. சந்தாத் தவணை ஓடிக்கொண்டிருக்க, கூடத்துப் பக்கம் போவதை நிறுத்திவிட்ட வாடிக்கையாளர்கள் அதை எப்படி நிறுத்துவது என்று எங்களிடம் வந்து கேட்கிறார்கள். ஏரிக்கரைக்குச் சந்தா இல்லை. கப்பன் பூங்காவுக்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே உள்சாலைகளில் வாகனங்களுக்கும் இடமில்லை. காலணி ஒன்றே முதலீடு.

எங்கள் காசாளர் மீண்டும் நடக்கத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. தெருவார் இப்போதும் கேட்கிறார்கள். அவர் தலையசைத்துவிட்டுப் போகிறார். சென்ற பரிசோதனையில் அளவு 6.8. உணவு மேசையில் பிறந்தநாளுக்குக் கேக் இன்னும் வருகிறது. உடன் ஒரு கிண்ணம் சுண்டலும் வருகிறது. அதை யார் தொடங்கினார்கள் என்று எவரும் உரிமை கொண்டாடவில்லை. அவரிடம் எதையும் திணிப்பதும் இல்லை.

சென்ற மாதம் அவர், “வாயால் நடந்தது போதும், சார், நாளைக்குக் காலையில் வாருங்கள்” என்று அழைத்தார். எட்டுப் பேரில் மூவர் போனோம். ஒருவர் அலுவலகக் காலணியோடு வந்திருந்தார். சாலைக்கு அப்பால், மெட்ராஸ் சேப்பர்ஸ் படைப்பிரிவின் இளைஞர்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்க்காமல் நடந்தோம். பாதிச் சுற்று முடியுமுன்னே எங்களுக்கு மூச்சு வாங்கியது. கரைப் பெஞ்சில் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்கள் மூவரின் வயிற்றையும் ஒருமுறை நோட்டமிட்டு, “ஏனு சார், டாக்டர் ஹேளித்ரா?” என்று கேட்டார். மருத்துவர் சொன்னாரா என்கிறார்.

இல்லை, காசாளர் சொன்னார் என்று விளக்க மூச்சு இல்லை. தலையசைத்தோம். அதற்குள் அவர் அடுத்த வளைவைத் தாண்டியிருந்தார்.