யாரைக் கேட்டு விஷம் வைத்தீர்கள்?

என் குழந்தை படுக்கும் அறையின் பரணில் விஷம் வைத்திருக்கிறார்கள். வைப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்கவில்லை, வைத்த பிறகும் சொல்லவில்லை. நாங்கள் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, வீட்டுக்காரம்மா தன்னிடமிருந்த சாவியால் திறந்து மருந்து வைக்கிற ஆளை உள்ளே விட்டிருக்கிறார். நாற்றம் எடுத்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. ஏணி போட்டுப் பார்த்தால் ஒரு தாய் அணில், கண்கூடத் திறக்காத குட்டிகள், பக்கத்தில் மாத்திரை கரைந்து கிடந்த சாம்பல் நிறப் பொடி.

அலுமினியம் பாஸ்பைடு. ஈரம் பட்டால் பாஸ்பீன் வாயுவாகக் கிளம்பும். அந்த வாயுவுக்கு மாற்று மருந்து கிடையாது. பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில்தான் அதைக் கையாள வேண்டும் என்று விதியே இருக்கிறது. 2024 நவம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் குன்றத்தூரில் எலிக்கு மருந்து வைத்த வீட்டில் ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில், ஆறு வயதுப் பெண் குழந்தையும் ஒரு வயது ஆண் குழந்தையும் இறந்தார்கள். தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்ட செய்தி அது. அதற்குப் பிறகுமா? எங்கள் வீட்டில் மருந்து வைத்த அன்று இரவு மின்விசிறி ஓடவில்லை, ஜன்னலைத் திறந்து போட்டுப் படுத்தோம். சாத்திப் படுத்திருந்தால் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் எனக்குக் கை நடுங்குகிறது.

சேலம் அஸ்தம்பட்டியில், ஏற்காடு சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெருவில் எங்கள் மாடி வீடு. பக்கத்து மனையில் வேம்பும் கொய்யாவும் நின்றவரை அணில்கள் அங்கேதான் இருந்தன. அடுக்குமாடி கட்டுவதற்காக அவற்றை வெட்டிச் சாய்த்தார்கள். கூடு போன அணில்கள் எங்கே போகும்? எங்கள் சமையலறை ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே, கேபிள் ஒயர் நுழையும் இடத்தில் கை நுழைகிற ஓட்டை. அதன் வழியாகப் பரணுக்கு வந்தன. என் கல்யாணப் பட்டுச் சேலையைக் கிழித்துப் பஞ்சோடும் தேங்காய் நாரோடும் சேர்த்துக் கூடு கட்டின. அழுதேன், ஆனால் அணிலின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதன் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கொறித்துத் தேய்த்தாக வேண்டும். அப்படித்தான் மின்விசிறி ஒயரின் மேலுறை போய்ச் செம்புக் கம்பி வெளியே தெரிந்தது. 2021 ஜூனில் மின்தடைக்கு அணிலும் ஒரு காரணம் என்று அன்றைய மின்துறை அமைச்சர் செந்தில்பாலாஜி சொன்னபோது ஊரே கேலி செய்தது. கொறித்த ஒயரின் கீழே பிள்ளையைப் படுக்க வைப்பவளுக்கு அது கேலி இல்லை.

நாங்கள் கேட்டதெல்லாம் அந்த ஓட்டையை அடைக்கச் சொல்லித்தான். குட்டிகள் பெரிதாகித் தாயோடு வெளியேறும்வரை சில வாரம் பொறுக்க வேண்டும். உள்ளே எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கம்பி வலை வைத்துச் சிமெண்ட் பூசி, ஒயரைக் குழாய்க்குள் விட வேண்டும். ஒரு கொத்தனாருக்கு அரை நாள் வேலை. 1876-இல் அமெரிக்காவிலிருந்து கொண்டுபோன சாம்பல் அணிலை இங்கிலாந்துக்காரர்கள் தீராத தொல்லையாக நினைக்கிறார்கள். அவர்கள்கூடப் பரணுக்குள் அது நுழையாதிருக்க ஓட்டையை அடைக்கிறார்கள். நம் அணிலோ வந்தேறி இல்லை, இந்த மண்ணிலேயே பிறந்தது.

ஒவ்வொரு முறை கேட்டபோதும் வீட்டுக்காரம்மா சொன்ன பதில் இது: "ராமர் முதுகுல தடவிக் குடுத்த புள்ளைங்க கண்ணு. அதை வெரட்டுனா பாவமுங்க." ஓட்டையை அடைத்தால் பாவமாம். கண் திறக்காத குட்டிகளை மூச்சுமுட்டிச் சாகடித்தது மட்டும் பாவம் இல்லையா, அம்மா? என் பிள்ளை எட்டடிக்குக் கீழே தூங்கினானே, அவன் உங்கள் கணக்கிலேயே வரவில்லையா?

இப்போது வீட்டைக் காலி செய்கிறோம். அணில் கொறித்த ஒயரை மாற்றிய செலவையும் மருந்து வைத்த கூலியையும் எங்கள் முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கட்டடத்தின் பழுதும், வீட்டின் உள்ளும் புறமும் ஓடும் மின்கம்பிகளும் உரிமையாளர் பொறுப்பு என்று அதன் அட்டவணை சொல்கிறது. வாடகைக்கு விட்ட வீட்டுக்குள் உரிமையாளர் நுழைய 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. படித்துக் காட்டினேன். "சட்டம் பேசறவங்களுக்கு இனிமே வீடு குடுக்கறதில்லீங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார். மாதம் தவறாமல் வாடகை கொடுத்த எங்களுக்கு இதுதான் மரியாதை.

எங்கள் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த குடும்பத்தைக் குடிவைப்பதற்கு முன்னால் அந்த ஓட்டையை அடையுங்கள். அஸ்தம்பட்டியில் வீடு வாடகைக்கு விடுகிற எல்லோரையும் கும்பிட்டுக் கேட்கிறேன்: ஆட்கள் குடியிருக்கும் வீட்டுக்குள், அவர்களுக்குத் தெரியாமல், எந்த விஷத்தையும் வைக்காதீர்கள்.