குற்றம் தட்டிலா, இணைப்பிலா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம் வீட்டுப் பழைய இசைத்தட்டுகளுக்கு நேர்ந்திருக்கும் கதியும் இதுதான். பரணிலிருந்து ஒரு 78 சுழற்சித் தட்டை எடுத்துத் தூசி துடைத்து, புதிதாக வாங்கிய டர்ன்டேபிளில் சுழல விடுகிறோம். பாட்டை முந்திக்கொண்டு இரைச்சல் வருகிறது. 'பழசு என்றால் இப்படித்தான்' என்று தீர்ப்புச் சொல்லி, தட்டுகளை எடைக்குப் போட்டுவிடுகிறோம். விசாரணையே இல்லாத தீர்ப்பு!

குற்றம் தட்டினுடையதுதானா? எல்.பி. தட்டு பிறந்தது 1948இல். அதன் நுண்ணிய பள்ளத்துக்கு ஏறக்குறைய 25 மைக்ரான் பருமனுள்ள முள் போதும். 78 தட்டின் பள்ளமோ அகலமானது. அதற்கு ஏறக்குறைய 75 மைக்ரான் முள் வேண்டும். மெல்லிய முள் அகலப் பள்ளத்தின் அடியில் விழுந்து, அங்கே தங்கியுள்ள தூசியையும் தேய்மானத்தையும் கிளறுகிறது. நாம் கேட்கும் இரைச்சலில் பெரும்பகுதி அதுவே.

ஒரே கருவியில் முள்ளை மாற்றிக்கொண்டால் ஆகாதா? ஆகும். ஆனால் ஒவ்வொரு முறையும் முள்ளை மாற்றி, எடையைச் சரிசெய்து, வேகத்தைத் திருப்ப யாருக்குப் பொறுமை இருக்கிறது? நான்கே நாளில் பழைய தட்டுகள் மீண்டும் பரண் ஏறிவிடும். ஆகவே, அவற்றுக்கென்று தனியாக இரண்டாவது டர்ன்டேபிள் ஒன்று வேண்டும் என்பது என் கருத்து. இரண்டாவது ஸ்டீரியோ வேண்டியதில்லை, இருப்பதோடு இணைத்துக்கொள்ளலாம்.

இணைப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஆம்பிளிபயரில் 'போனோ' என்னும் துளை பெரும்பாலும் ஒன்றே இருக்கும். இரண்டு கருவிகளின் ஒயர்களையும் ஒன்றாக முறுக்கி அதிலேயே செருகிவிடுகிறார்கள். காந்தக் கார்ட்ரிட்ஜ் தருவதே ஏறக்குறைய 5 மில்லிவோல்ட். அதையும் பக்கத்துக் கார்ட்ரிட்ஜ் உறிஞ்சிக்கொண்டால் ஒலி மங்காமல் என்ன செய்யும்? இரண்டாவது கருவியை ஒரு சிறிய போனோ பிரீ-ஆம்பிளிபயரில் சேர்த்து, அங்கிருந்து 'ஆக்ஸ்' துளைக்குக் கொண்டுபோவதே முறை. பிரீ-ஆம்பிளிபயர் கருவிக்குள்ளேயே அமைந்திருந்தால் நேராக ஆக்ஸுக்குப் போகலாம். எர்த் ஒயரை அதற்குரிய திருகில் மாட்ட மறந்தால் 'உம்' என்ற முனகல் கேட்கும். ஆம்பிளிபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திவிடுங்கள்; இரைச்சலில் ஒரு பங்கு அடங்கும். ஒலிப்பதிவுக்கு ஆர்.ஐ.ஏ.ஏ. என்னும் பொது அளவு ஏற்பட்டது 1954இல்தான்; அதற்கு முந்திய தட்டுகளுக்கு டோன் குமிழ்களைச் சற்றே திருப்பிப் பார்க்க வேண்டும்.

'எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கிறதே, இவ்வளவு பாடு எதற்கு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எஸ். ஜி. கிட்டப்பா 1933இல், தமது 27ஆம் வயதில் மறைந்தார். எல்.பி. பிறக்க இன்னும் பதினைந்து ஆண்டுகள் இருந்தன. அவர் குரல் 78 தட்டுகளின் வழியாகவே நம்மிடம் வந்தது. இன்று கைப்பேசியில் கேட்பதும், யாரோ ஒருவர் எடைக்குப் போடாமல் காத்த தட்டிலிருந்து எடுத்ததே! அக்காலத்துத் தட்டுகள் எல்லாம் அப்படிப் படியெடுக்கப்பட்டுவிடவில்லை. பெயர் மறந்துபோன ஒரு நாடக நடிகரின் பாட்டோ, ஒரு நாகசுரக்காரரின் ஆலாபனையோ நம் வீட்டுப் பரணிலேயே உறங்கிக்கொண்டிருக்கலாம்.

இரும்பு முள் உழுத தட்டு மீண்டும் புதிதாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. தேய்ந்தது தேய்ந்ததுதான். ஆனால், தண்டனைக்கு முன் அதன் வாக்குமூலத்தைச் சரியான முள்ளாலும் சரியான இணைப்பாலும் ஒருமுறையாவது கேட்க வேண்டாமா?

நண்பர்களே! இயற்பியல் படிப்போர் ஒயரைக் கவனியுங்கள். தமிழும் வரலாறும் படிப்போர் தட்டின் நடுவில் உள்ள பெயர்களை எழுதிவையுங்கள். இந்த விடுமுறையில் பரண் ஏறுவோம். எடைக்கல்லுக்குப் போகும் முன் அந்தக் குரல்கள் ஒருமுறை பாடட்டும்!