நடுவீட்டில் நாய்க்குட்டி

முந்தலிலிருந்து சகோதரி ஒருவர் எழுதிய கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. அவர் இரண்டு பிள்ளைகளின் தாய். பத்து வயதான மூத்த மகன், அயலிலுள்ள தென்னந்தோட்டத்தில் பிறந்த ஏழு வார நாய்க்குட்டியொன்றைச் சட்டைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். அதுவும் பெட்டைக் குட்டி. தந்தை சிரித்துக்கொண்டே சம்மதித்தார்; பாட்டியார் சம்மதிக்கவில்லை. இது நடந்து இரண்டு வாரங்களாகின்றன. குட்டி நாள்தோறும் வாசலில் விரித்திருக்கும் தும்புக் கால்மிதியில் அசுத்தம் செய்கிறது. இரவில் கூடத்திலும், ஒருநாள் சுவாமி அறை வாயிலிலும் செய்துவிட்டது.

"நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தால் அது தன் புத்தியைக் காட்டாமல் இருக்குமா? இந்த மாதம் முடிவதற்குள் சந்தைக்குப் போகும் லொறியில் ஏற்றிவிடுங்கள்" என்று மாமியார் தீர்ப்பளித்துவிட்டாராம். அன்றிலிருந்து மகன் இரவில் சரியாகச் சாப்பிடுவதில்லை. "மாமி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, பிள்ளையின் முகத்தையும் பார்க்க முடியவில்லை. நான் யார் பக்கம் நிற்பது?" என்று கேட்டிருக்கிறார் சகோதரி.

இருவர் பக்கமும் நிற்கலாம் என்பதே என் விடை. மாமியார் கேட்பது வீட்டின் சுத்தம். மகன் கேட்பது குட்டியின் வாழ்வு. குட்டிக்கு ஒழுங்கு கற்பித்துவிட்டால் இரண்டுமே கிடைத்துவிடும். அதற்கு ஒரு மாதமளவு பொறுமையும், வீட்டிலுள்ள எல்லோருடைய ஒத்துழைப்பும் வேண்டும்.

முதலில் அந்தப் பழமொழியை எடுத்துக்கொள்வோம். நம் முன்னோர் அதைச் சில மனிதரின் குணத்தைச் சுட்டுவதற்காகச் சொன்னார்களேயன்றி, நாயின் குணத்தை ஆராய்ந்து சொன்னதாகத் தோன்றவில்லை. உண்மையில் நாய், தான் படுக்கும் இடத்தைச் சுத்தமாக வைத்திருக்க விரும்பும் பிராணி. பிறந்த முதல் மூன்று வாரங்களில் தாய் நாயே குட்டிகளை நக்கிச் சுத்தம் செய்கிறது. கால் ஊன்றி நடக்கத் தொடங்கியதும் குட்டிகள் படுக்கையைவிட்டுத் தள்ளிச் சென்று மலசலம் கழிக்கத் தாமாகவே முயலுகின்றன. ஆகவே சுத்த உணர்ச்சி குட்டிக்குள் முன்னரே இருக்கிறது. எது படுக்கை, எது வெளி என்பதுதான் அதற்குத் தெரியாது. நமக்கு வீடு முழுவதும் வீடு. குட்டிக்கோ தான் சுருண்டு படுக்கும் மூலை மட்டுமே வீடு. கூடமும் விறாந்தையும் அதன் கணக்கில் வெளிநிலங்களே. நாலு மூலையும் வீடுதான் என்று அதற்கு விளங்க வைப்பதே நாம் செய்யவேண்டிய வேலை.

அடுத்து, அந்தக் கால்மிதி. கடிதத்தைப் படித்தபோது என் கவனம் அங்கேதான் நின்றது. குட்டி பிறந்தது தென்னந்தோட்டத்தில். அங்கே உரிமட்டையும் தும்பும் குவிந்த கொட்டிலொன்றில் அது தவழ்ந்து வளர்ந்திருக்கக்கூடும். எட்டு, ஒன்பது வார வயதளவில் குட்டிகள் மலசலம் கழிப்பதற்கு ஒருவகைத் தரையை விருப்பமாக்கிக் கொள்கின்றன. காலடியில் படும் பொருளை வைத்தே இடத்தை அடையாளம் காண்கின்றன. புல்லில் பழகியது புல்லைத் தேடும்; சாக்கில் பழகியது சாக்கைத் தேடும். தும்பில் பழகிய குட்டிக்கு வாசற் கால்மிதி, யாரோ தனக்கென்றே விரித்து வைத்த இடமாகத் தோன்றியிருக்கும். குட்டி செய்ததில் குறும்பு இல்லை. தான் கற்றதை மறவாமல் செய்திருக்கிறது.

ஆகவே இன்றே அந்தக் கால்மிதியை எடுத்துவிடுங்கள். வளவின் கோடிப்புறத்தில், கிணற்றுக்கும் சமையலறைக்கும் தொலைவான ஒரு மூலையைத் தெரிந்தெடுத்து, அங்கே இரண்டு கைப்பிடித் தும்பைப் பரப்புங்கள். குட்டி அந்த இடத்துக்குப் பழகியபின் தும்பைச் சிறிது சிறிதாகக் குறைத்து வந்தால் வெறும் மணலே போதுமானதாகிவிடும்.

இனிப் பயிற்சி முறைக்கு வருவோம். இதில் இரகசியம் ஒன்றுமில்லை. நேரந்தவறாமையே முழு வித்தை. குட்டி மலசலம் கழிக்கும் வேளைகளை முன்கூட்டியே சொல்லிவிடலாம்: தூங்கி எழுந்தவுடன், சாப்பிட்ட பின் ஐந்து முதல் முப்பது நிமிடத்துக்குள், ஓடி விளையாடி முடிந்தவுடன், இரவு படுக்குமுன். இந்த ஒவ்வொரு வேளையிலும் குட்டியைத் தூக்கிச் சென்று அந்த மூலையில் விடவேண்டும். நடத்திக்கொண்டு போனால் பாதி வழியிலேயே காரியம் முடிந்துவிடும். இடைவேளைக்கும் ஒரு கணக்கு உண்டு. குட்டியின் வயது எத்தனை மாதமோ, அதனுடன் ஒன்றைக் கூட்டினால், அது அடக்கிக்கொள்ளக்கூடிய மணித்தியாலங்களின் மேல் எல்லை வரும். உங்கள் குட்டிக்கு இப்போது இரண்டு மாதமாகிறது. எனவே மூன்று மணித்தியாலம். அதுவும் தூங்கும்போதுதான். விழித்து விளையாடும் வேளையில் மணிக்கொருமுறை கொண்டுசெல்வது நல்லது.

அங்கே நின்று குட்டியுடன் விளையாடாதீர்கள். எல்லோரும் வழங்கத்தக்க சிறு சொல்லொன்றை வைத்துக்கொண்டு, அதையே ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். குட்டி தன் வேலையை முடித்த அந்தக் கணமே தடவிப் பாராட்டி, அவித்த மீன் துண்டொன்றைக் கொடுங்கள். வீட்டுக்குள் வந்தபின் கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்கே பரிசு கிடைத்ததென்று அது நினைத்துக்கொள்ளும். ஓரிரு விநாடிக்குள் கிடைக்கும் பாராட்டே அதன் மனத்தில் பதியும்.

தண்டனைக்கும் இதே கணக்குத்தான். கணவர் கோபத்தில் குட்டியின் மூக்கை அசுத்தத்தில் தேய்த்து அடித்ததாகவும், அதன்பின் அது கட்டிலடியில் போய் மறைவாக அசுத்தம் செய்வதாகவும் சகோதரி எழுதியிருக்கிறார். இதில் வியப்பில்லை. பத்து நிமிடத்துக்கு முன் செய்த காரியத்தையும் இப்போது விழும் அடியையும் பொருத்திப் பார்க்கும் ஆற்றல் குட்டிக்கு இல்லை. மனிதர் பார்த்திருக்கும்போது செய்தால் அடி விழும் என்பதே அது கற்கும் பாடம். பிறகு நாமே வளவுக்குக் கொண்டுசென்றாலும் நம் முன்னிலையில் அது சிறுநீர் கழிக்க அஞ்சும். வீட்டுக்குள் மறைவிடம் தேடும். ஆகவே அடியை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். குட்டி தரையை முகர்ந்து வட்டமிடுவதைக் கண்டால், கையை ஒருமுறை தட்டி, உடனே தூக்கிக்கொண்டு வெளியே ஓடுங்கள். பார்க்காத நேரத்தில் நடந்துவிட்டால் சத்தமின்றித் துடைத்துவிடுங்கள். அது நம்முடைய கவனக்குறைவேயன்றிக் குட்டியின் குற்றமன்று.

துடைப்பதிலும் முறை உண்டு. வாசனை மிஞ்சிய இடத்துக்குக் குட்டி திரும்பத் திரும்ப வரும். சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, பிறகு தண்ணீர் கலந்த வினாகிரியால் துடைத்து உலரவிடுங்கள். அமோனியா கலந்த மருந்துகள் வேண்டாம். அவற்றின் மணம் சிறுநீரின் மணத்தை ஒத்திருப்பதால் குட்டியை மீண்டும் அழைத்துவிடும். சாணி மெழுகிய தரையானால் நனைந்த பகுதியைச் சுரண்டியெடுத்துப் புதிதாக மெழுகிவிடுவதே சரி.

உணவை மூன்று, நான்கு வேளையாகப் பிரித்துக் குறித்த நேரத்தில் கொடுங்கள். நாள் முழுவதும் மிச்சச் சோறு தட்டில் கிடந்தால், எப்போது வெளியே கொண்டுசெல்வது என்று எவராலும் கணிக்க முடியாது. நம் கரையோர வெயிலில் பகல் முழுவதும் தண்ணீர் மட்டும் கிடைக்கவேண்டும். இரவில் குட்டி நீட்டிப் படுத்துத் திரும்புமளவுக்கு மாத்திரம் இடமுள்ள மரப்பெட்டியொன்றில் பழைய சாரத்தை மடித்து விரித்து, உங்கள் படுக்கைக்கு அருகில் வையுங்கள். சாக்கும் தும்பும் அதில் வேண்டாம். தன் படுக்கையை நனைக்க விரும்பாத குட்டி நடுநிசியில் முனகும். அப்போது ஒருவர் எழுந்து வெளியே கொண்டுசென்று, பேசாமல் திரும்பக் கொண்டுவந்து விடவேண்டும். சில வாரங்களில் இந்தச் சிரமமும் குறைந்துவிடும்.

இத்தனையும் யார் செய்வது? மகன் ஏழரை மணி முதல் ஒன்றரை மணிவரை பாடசாலையில் இருப்பான். தந்தை வேலைக்குப் போய்விடுவார். தாய்க்கு அடுப்பும் கைக்குழந்தையும் இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் முன்பாக விழிப்பவர், முற்பகல் முழுவதும் விறாந்தையில் இருப்பவர், குட்டியின் ஒவ்வொரு குற்றத்தையும் முதலில் கண்டுபிடிப்பவர் யார்? உங்கள் மாமியார்தான். ஆகவே இந்த வேலைக்கு மிகத் தகுந்த ஆசிரியையும் அவரே. விடியற்காலையிலும், பாடசாலை விட்ட பின்னரும், நள்ளிரவிலும் மகன் பார்த்துக்கொள்ளட்டும். தும்புத்தடியும் துடைக்கும் துணியும் அவன் பொறுப்பாகட்டும். முற்பகலில் மூன்று முறை மட்டும் குட்டியை வெளியே விட உதவவேண்டுமென்று, மகனே பாட்டியிடம் சென்று பணிவாகக் கேட்கட்டும். "லொறியில் ஏற்றாதீர்கள்" என்று அழுவதைக் காட்டிலும், "எனக்கு உதவி செய்யுங்கள்" என்று கேட்பது பெரியவர்களின் மனத்தை விரைவில் தொடும்.

மழைக்காலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை களப்பை அடுத்த தாழ்நிலங்களில் முற்றம் சேறாகிவிடும். வெயிலில் நன்றாகப் பழகிய குட்டியும் மழையில் கால் நனைக்க மறுத்து மீண்டும் கூடத்தைத் தேடும். மழை தொடங்குமுன்னரே அந்த மூலைக்கு மேலே நான்கு தடி நட்டு இரண்டு கிடுகு வேய்ந்து, உலர்ந்த மணலைக் கொட்டி வைத்தால் பழக்கம் குலையாது.

மணல் என்றதும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று. குட்டிகளின் குடலில் கொழுக்கிப் புழுவும் வட்டப் புழுவும் இருப்பது மிகச் சாதாரணம். மலத்தோடு வெளிவரும் கொழுக்கிப் புழுவின் முட்டை ஈரமான மணலில் பொரித்து, அந்த இளம் புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகக்கூடியது. நாய்களிலும் மனிதரிலும் வாழவல்ல கொழுக்கிப் புழு இனமொன்று, 1911 இல் இலங்கையிற் கிடைத்த புனுகுப் பூனையொன்றிலிருந்து விவரிக்கப்பட்டது. அதன் அறிவியற் பெயரிலேயே இலங்கையின் பெயர் இருக்கிறது. மணல் முற்றத்தில் வெறுங்காலுடன் ஓடும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை அலட்சியம் செய்யலாகாது. குட்டிக்கென ஒரே மூலையைப் பழக்குவதன் பெரும் பயனும் இதுவே. நாள்தோறும் அந்த மலத்தை அள்ளி ஆழமாகப் புதையுங்கள். பிள்ளைகளை அங்கே விளையாட விடாதீர்கள். மிருக வைத்தியரிடம் கேட்டுப் புழுமருந்தைத் தவணை தவறாமல் கொடுங்கள்.

அதே பயணத்தில் தடுப்பூசிகளையும் விசாரியுங்கள். விசர்நாய்க்கடிக்கு எதிரான ஊசியை வைத்தியர் கூறும் வயதில் போட்டு, பின்னர் ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். நாய்களைப் பதிவுசெய்யும் சட்டம் இந்நாட்டில் 1901 ஆம் ஆண்டு முதல் உண்டு. பெட்டைக் குட்டி என்பதால் எதிர்காலத்தைப் பற்றி மாமியார் அஞ்சுவதும் இயல்பே. உரிய வயதில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துவிட்டால் அந்தக் கவலையும் நீங்கும்.

கிடுகு வேலியில் குட்டி நுழையக்கூடிய ஓட்டைகளையும் அடைத்துவிடுங்கள். கொழும்பு–புத்தளம் வீதியில் விரையும் வாகனங்கள் குட்டிக்காக நிற்பதில்லை. மேலும், முந்தலில் பல சமயத்தவரும் வேலிக்கு வேலி அடுத்து வாழ்கின்றனர். நாயின் எச்சில் பட்டால் முறைப்படி கழுவித் தூய்மை செய்த பின்னரே தொழச் செல்லும் அயலவரின் முற்றத்தில் நம் குட்டி திரிவது, நாம் அறியாமலே அவர்களுக்கு நாம் கொடுக்கும் துன்பமாகும். நம் வளவுக்குள் ஒழுங்காக வளரும் நாயைக் குறித்து அயலவருக்குக் குறை இராது.

இறுதியாக, அந்த லொறியைப் பற்றி ஒரு வார்த்தை. சந்தையிலும் கோயில் வாசலிலும் விடப்படும் குட்டிக்கு யாரேனும் சோறு போடுவார்கள் என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். தாயில்லாத இரண்டு மாதக் குட்டிகளுள் பசிக்கும் நோய்க்கும் சக்கரத்துக்கும் தப்பிப் பிழைப்பவை மிகச் சிலவே. தப்பிய பெட்டை நாயோ, ஊசியும் பதிவுமின்றி ஆண்டுதோறும் குட்டிகளை ஈன்று ஊருக்கே சுமையாகும். நம் வீட்டு அசுத்தத்தை ஊர் வாசலில் தள்ளிவிட்டு நாம் சுத்தமாகிவிட்டோம் என்று எப்படிச் சொல்வது?

சகோதரியே, மாமியாரிடம் நாலு வாரத் தவணை கேளுங்கள். சுவரில் நாட்காட்டியைத் தொங்கவிட்டு, வீட்டுக்குள் தவறு நேர்ந்த நாட்களில் மகன் ஒரு கோடு போடட்டும். முதல் வாரம் கோடுகள் நிறைந்திருக்கும்; அதைக் கண்டு மனம் தளரவேண்டாம். நாலாவது வாரத்தில் எத்தனை கோடுகள் என்று எண்ணிப் பாருங்கள். குட்டி முழுமையாகப் பழகுவதற்கு ஆறு மாத வயது வரையிற் செல்லலாம். ஆனால் அது கற்கிறதா இல்லையா என்பதை அந்த நாலு வாரக் கோடுகளே மாமியாருக்குக் காட்டிவிடும். தவணை முடிந்ததும் எனக்கு மறவாமல் எழுதுங்கள். முடிவை அறிய இப்பகுதியின் வாசகர்களும் என்னுடன் காத்திருப்பார்கள்.