மறுக்க முடியாத மாத்திரை

கேமரன் மலையில் பனி விலகுமுன்னே அம்மா கொழுந்து பறிக்கக் கிளம்பிவிடுவார். அதற்கு முன் ஒரு குவளைத் தேநீர். தேநீரும் தூக்கத்தை விரட்டும் பொருள்தான். ஆனால், வேண்டாமென்றால் அம்மா குடிக்காமலே போகலாம்.

என்னோடு தமிழ்ப்பள்ளியில் படித்த நண்பன் இன்று இராணுவத்தில் இருக்கிறான். போர்வீரனுக்கு அந்த உரிமை உண்டா? வரலாறு என்ன சொல்கிறது?

1940இல் பிரான்சைத் தாக்கிய ஜெர்மானிய வீரர்களுக்குக் களைப்புத் தெரியாமலிருக்கப் பெர்விட்டின் மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. நம் மலாயாவைப் பிடித்த ஜப்பானியரிடமும் அது ஹிரோப்போன் என்ற பெயரில் இருந்தது. இன்று நாம் சியாபு என்று அஞ்சும் அதே போதைப்பொருள்தான். போர் முடிந்ததும் மிச்சமிருந்த கையிருப்பு சந்தைக்கு வந்தது. அடிமையானோர் பெருகி, 1951இல் ஜப்பான் தனிச்சட்டமே இயற்ற நேர்ந்தது.

2002இல் கந்தஹார் அருகே அமெரிக்க விமானி வீசிய குண்டுக்கு நான்கு கனடிய வீரர்கள் பலியாயினர். விமானப்படை கொடுத்த ஊக்க மாத்திரையையும் எதிர்வாதத்தில் காரணம் காட்டினர். மாத்திரை விருப்பத்தின்பேரில்தானாம், மறுத்தால் பறக்க விடாமல் நிறுத்தலாமாம்!

2020இல் பிரான்சு இராணுவத்தின் நெறிமுறைக் குழு, வீரரின் உடலையும் மூளையையும் மேம்படுத்தும் ஆய்வுக்கு நிபந்தனைகளோடு இசைவளித்தது. இனி இது மாத்திரையோடு நிற்காது.

எதிரி செய்தால் நாம் சும்மா இருப்பதா என்பார்கள். கவசம் கொடுங்கள், கழற்றி வைத்துவிடலாம். மூளைக்குள் புகுந்ததைக் கழற்ற முடியுமா? கட்டளைக்குக் கீழ்ப்பட்டவனின் சம்மதம் சம்மதமாகாது.

நண்பனின் அம்மாவும் என் அம்மாவோடுதான் கொழுந்து பறிக்கிறார். அவர் அனுப்பிய மகனே அவரிடம் திரும்பி வரவேண்டும்.