வெளியூர்ப் பூச்செடிகளும் நம் வெயிலும்

என் ஓய்வூதியத்தில் ஒரு பங்கை நர்சரிக்காரர்களுக்கு எழுதி வைத்துவிட்டேன் என்று என் மனைவி சொல்வதுண்டு. கிண்டல்தான், ஆனால் பொய்யில்லை. ஹைட்ராஞ்சியாவுக்கு மட்டும் மூன்று முறை பணம் அழுதிருக்கிறேன்.

1979-இல் கல்யாணமான புதிதில் கொடைக்கானல் போயிருந்தோம். தங்கிய விடுதியின் வாசலில் பந்து பந்தாக நீலப் பூக்கள். "நம்ம வீட்லயும் இது ஒண்ணு வைக்கணுங்க" என்றாள். அப்போது வாடகை வீடு, மாற்றல் உத்தியோகம். தாம்பரம் பக்கம் சொந்த வீடு கட்டி, ஓய்வும் பெற்ற பிறகுதான் அந்த ஆசை நினைவுக்கு வந்தது.

முதல் செடி பூவோடு வந்தது. "நல்லா வரும் சார், தண்ணி மட்டும் விடுங்க" என்றார் கடைக்காரர். ஒரு மாதத்தில் இலை ஓரம் கருகியது. இரண்டாவதை நிழல்வலைக்குள் வைத்தேன். இலை வந்தது, பூ வரவில்லை, சித்திரையில் போய்விட்டது. மூன்றாவது வாடியபோது அவளே சொன்னாள்: "போதுங்க. அது பாவம்."

பிறகுதான் படித்தேன். ஜப்பானைச் சேர்ந்த அந்தச் செடிக்கு மொட்டுப் பிடிக்கச் சில வாரம் குளிர் வேண்டும். பகல் வெயிலை வலை போட்டுத் தடுக்கலாம். சென்னையின் மே மாத இரவுகளை என்ன செய்ய? நள்ளிரவிலும் 27, 28 டிகிரி. பகலில் சேர்த்த உணவைச் செடி இரவுப் புழுக்கத்திலேயே செலவழித்துவிடுகிறது. போதாததற்கு என் போர்வெல் தண்ணீர் வாளியில் வெள்ளைப் படலம் கட்டும் ரகம். கொடைக்கானலில் பூ நீலமாக இருப்பதே அங்குள்ள அமில மண்ணால்தான்.

அதற்காக, "வெளிநாட்டுச் செடியே ஆகாது, மல்லியும் கனகாம்பரமும் போதாதா?" என்று கேட்கும் என் நடைப்பயிற்சி நண்பர் கட்சியிலும் நான் சேர மாட்டேன். அவர் வெள்ளிக்கிழமை தவறாமல் பெருமாளுக்கு வாங்கிப் போகும் மாலையில் இருக்கும் சம்பங்கி மெக்சிகோவிலிருந்து வந்தது. செண்டுமல்லிக்கும் அதே ஊர்தான். அங்கே இறந்தவர்களை நினைக்கும் நாளில் அதைத்தான் குவித்து வைக்கிறார்கள். சிவன் கோயில் நாகலிங்க மரம் தென் அமெரிக்கா. காகிதப்பூ பிரேசில் பக்கம். இதைச் சொன்னால் மனுஷர் ஒரு சுற்று பேசாமல் நடப்பார்.

இவையெல்லாம் இங்கே பிழைத்தன என்றால், பிறந்த இடத்திலும் வெயில் இருந்தது, அவ்வளவுதான். ஆகவே ஒரு செடியைப் பார்த்து நாம் கேட்க வேண்டியது, அதன் தாய்வீட்டில் இரவு எப்படி இருக்கும் என்பதைத்தான். கடைக்காரர் இதைச் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த ஆண்டு நாம் மறுபடி வாங்கப் போவோமா? இப்போது டியூலிப் கிழங்கைக்கூட ஆன்லைனில் விற்கிறார்கள். அதற்கு மூன்று மாதக் குளிர் வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்துப் பூக்க வைத்தாலும் ஒரு முறைதான். பென்ஷன்காரர்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அடீனியம் வாங்குங்கள். ஆப்பிரிக்கா, அரேபியாவின் வறண்ட நிலத்துச் செடி. மொட்டை மாடி வெயில் அதற்குக் கொண்டாட்டம். தண்ணீரை அதிகம் ஊற்றினால்தான் கிழங்கு அழுகும். பால் விஷம், பேரக்குழந்தைகள் இருந்தால் உயரத்தில் வையுங்கள்.

ஆர்க்கிட் என்றதும் பயப்பட வேண்டாம். டென்ட்ரோபியம் வகை நம் புழுக்கத்தை விரும்புகிறது. மண் வேண்டாம், அடுப்புக்கரியும் செங்கல் துண்டும் போட்ட ஓட்டைத் தொட்டி, காலை வெயில், பிறகு நிழல். உப்புத் தண்ணீர் மட்டும் ஆகாது. மழைநீர் பிடித்து வைக்கிறேன். தீர்ந்தால் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர்.

இவளுக்கு மூட்டு வலி, மாடி ஏற முடிவதில்லை. அதனால் ஆர்க்கிட் தொட்டிகள் நான்கையும் கீழே, அவள் காபி குடிக்கும் நாற்காலிக்கு எதிரே கம்பியில் தொங்கவிட்டிருக்கிறேன். சென்ற முறை ஒரு கொத்து ஒரு மாதத்துக்கு மேல் நின்றது. "கொடைக்கானல் பூ மாதிரி இல்லைதான்" என்றாள். ஆனால் தினமும் முதலில் அதைத்தான் பார்க்கிறாள். ஹைட்ராஞ்சியா இருந்த தொட்டியில் இப்போது புதினா.