வலியே இல்லையே, எதுக்கு டெஸ்ட்? மார்பகப் பரிசோதனைக்குப் பெண்கள் தயங்குவது ஏன்?

தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில், மார்பகப் புற்றுநோய்க்கான பரிசோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் 5.6 சதவீதம் பேர்தான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்லும் கணக்கு இது. இந்திய அளவில் 1 சதவீதம்கூட இல்லை. 2022-ல் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பேருக்குப் புதிதாக இந்த நோய் வந்ததாகவும், சுமார் 98 ஆயிரம் பேர் உயிரிழந்ததாகவும் குளோபோகான் மதிப்பிடுகிறது.

ஏன் தயக்கம்?

'எனக்குத்தான் வலியே இல்லையே' என்பது பலரும் சொல்லும் காரணம். ஆனால், மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. அறிகுறி தெரியும் முன்பே பார்ப்பதுதான் ஸ்கிரீனிங்.

அடுத்தது கூச்சம்: 'ஆம்பள டாக்டரா இருந்தா என்ன பண்றது?' அதைவிடப் பெரியது பயம்: 'ஏதாவது இருந்துட்டா, பிள்ளைங்கள யார் பாத்துக்குவா?' ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வர முடியாதவர்களும் உண்டு. இதையெல்லாம் 'விழிப்புணர்வு இல்லை' என்ற ஒரே வார்த்தையில் அடக்கிவிட முடியாது.

மேமோகிராம் வலிக்குமா?

இது குறைந்த அளவு கதிர்வீச்சில் எடுக்கும் எக்ஸ்-ரே. மார்பகத்தை இரண்டு தட்டுகளுக்கு நடுவே சில விநாடிகள் அழுத்துவார்கள். சிலருக்கு வலிக்கும், சிலருக்கு வெறும் அழுத்தம்தான். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தைத் தவிர்த்தால் வலி குறையும். மறுபரிசோதனைக்குக் கூப்பிட்டாலே புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை; அப்படி அழைக்கப்படுபவர்களில் பெரும்பாலானோருக்கு நோய் இருப்பதில்லை.

கையால் பார்த்தால் போதுமா?

மத்திய அரசின் 2016 வழிகாட்டுதல், 30-65 வயதுப் பெண்களுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை கையால் செய்யும் பரிசோதனையைத்தான் பரிந்துரைக்கிறது. இதற்குப் பலன் உண்டா என்பதை மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998 முதல் 20 ஆண்டுகள் ஆராய்ந்தது. ஒன்றரை லட்சம் பெண்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினரைப் பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் 2 ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்தார்கள். 50 வயதைத் தாண்டியவர்களில் இறப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது என 2021-ல் முடிவு வெளியானது. 50-க்குக் கீழே அந்த அளவு பலன் தெரியவில்லை.

ஆக, விலை உயர்ந்த மெஷின் இல்லாமலும் உயிர்களைக் காப்பாற்ற முடியும். ஆனால், பரிசோதிப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும், மறைவான அறை வேண்டும், சந்தேகம் வந்தால் அடுத்து எங்கே போவது என்று வழிகாட்ட வேண்டும்.

எப்போது உடனே போக வேண்டும்?

கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து ரத்தக்கசிவு: இதில் எது தெரிந்தாலும், எந்த வயதானாலும் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். அம்மா, சகோதரிக்கு இந்த நோய் இருந்திருந்தால், எந்த வயதில் பரிசோதனையைத் தொடங்குவது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. 30 வயதைத் தாண்டியவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பரிசோதித்துக்கொள்ளலாம்.