பின்னணியும் எழுத்தும்

நெய்வேலிச் சுரங்கத்தின் விளிம்பில் நின்று நோக்குவோர்க்குச் செம்மண், மணல், களிமண் எனப் படிப்படியாக நிறம் மாறி, அடியில் கரும்பழுப்பு நிலக்கரி தென்படும். இத்தகைய நிறமாற்றத்தையே இன்று கணிப்பொறி கற்ற இளைஞர்கள் கைப்பேசிச் செயலிகளின் திரைப் பின்னணியில் தீட்டுகின்றனர். இதனை அவர்கள் 'கிரேடியன்ட்' என்பர்; நாம் நிறச்சாய்வு என்போம்.

தொடக்க நிறம், முடிவு நிறம், சாயும் திசை ஆகியவற்றை நிரலில் குறித்தால், இடைப்பட்ட நிறங்களைக் கருவியே கணக்கிட்டு நிரப்பும். அழகுக்குக் குறைவில்லை. எனினும், பின்னணி இருப்பது எழுத்தின் பொருட்டன்றோ?

இணையப் பக்கங்கள் எல்லோர்க்கும் பயன்பட வேண்டி வகுக்கப்பட்ட உலகத் தர நெறி, சிறிய எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5-க்கு 1 என்னும் ஒளி வேறுபாட்டை வேண்டுகிறது. கருமை 0, வெண்மை 255 எனக் கொண்டால், வெள்ளை எழுத்துக்கு இவ்வேறுபாடு 118ஆம் சாம்பல் படிவரையே கிட்டும். ஆகவே மேலே கருமையில் தொடங்கிக் கீழே வெண்மையில் முடியும் திரையில் பாதியளவு கூடப் பயன்படாது. தலைப்பு விளங்கும், அதன்கீழ் உள்ள செய்தி மங்கும்.

தமிழுக்கோ இவ்விடர் பெரிது. ஒரு புள்ளி கண்ணுக்குத் தப்பினால் 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். ஓலையில் கீறிய எழுத்துத் தெளிவாய்ப் புலப்படக் கரி பூசித் துலக்கியவர் நம் முன்னோர். அவர்தம் வழிவந்தோர் எழுத்தை மறைக்கும் வண்ணத்தை அழகென்று கொள்ளல் தகுமா?

ஓய்வூதியர் தம் வாழ்நாள் சான்றினையும் கைப்பேசி வழியே அளிக்கும் காலம் இது. சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த முதியவர், நண்பகல் வெயிலில், கண்புரை படர்ந்த விழியோடு அத்திரையை நோக்குவார். அவருக்குப் புலப்படாத பொத்தான் அவருக்கு அடைத்த கதவேயாகும்.

நிறச்சாய்வு வேண்டா என்பது நம் கருத்தன்று. வெள்ளை எழுத்தாயின் சாய்வின் இரு முனைகளும் அடர்நிறமாகுக. அன்றேல், எழுத்தின் கீழ் ஒரே நிறப் பலகை இடுக. கைப்பேசியைக் கிடையாகத் திருப்புங்கால் பின்னணி பழைய அளவிலேயே நின்றுவிடாதவாறு நிரலில் அளவைத் திருத்துக. அனைத்திற்கும் மேலாக, வெயிலில் ஒரு முதியவரிடம் தந்து படிக்கச் சொல்க.

மாணவச் செல்வங்களே! வண்ணம் தீட்டும் கை உங்களுடையது. படிக்கும் கண் பிறருடையது. அக்கண்ணை எண்ணித் தீட்டுங்கள்.